கண்காணா ஏலம்

ஏலம் என்றதும் கூட்டமும் கூச்சலும் நினைவுக்கு வருதல் இயல்பு. பொருள் நடுவில் இருக்கும். ஏலங் கூறுபவர் அதன் அருகில் நிற்பார். கேட்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியபடி விலையை ஏற்றிச் செல்வர். "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்ற குரலோடு காசும் பொருளும் கைமாறும். சூது செய்தவன் அகப்பட்டால் அவ்விடத்திலேயே நியாயம் கேட்கலாம். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஏலமும் உண்டு. அங்கே பொருள் ஓர் ஊரில் இருக்கும். கேட்பவர் வேறொரு தேசத்தில் இருப்பார். ஏலங் கூறுபவர் எவருமே இரார். அத்தகைய ஏலத்தளம் ஒன்றை நிறுவி நடத்துவது எங்ஙனம் என்பதற்கு ஈபே என்னும் இணையத்தளத்தின் வரலாறு நல்ல சான்று.

ஈரானியப் பெற்றோருக்குப் பாரிஸ் நகரிற் பிறந்து, சிறு வயதிலே அமெரிக்கா சென்று, கணினித்துறை கற்றவர் பியர் ஒமிடியார். கலிபோணியாவிலுள்ள சான் ஹொசேயில் வசித்த அவர், 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே, தொழிலாளர் தின விடுமுறையின்போது, 'ஒக்ஷன் வெப்' என்ற பெயரில் ஓர் ஏலப் பக்கத்தை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 28. அங்கே முதலில் விலைப்பட்டது பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று. கிடைத்த விலை 14 டொலர் 83 சதம். அது பழுதான பொருள் என்பது தெரியுமா என்று ஒமிடியார் வாங்கியவரை விசாரித்தார். பழுதான சுட்டுகோல்களைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்று விடை வந்தது! எந்தப் பொருளுக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கிறார் என்பது இதனால் விளங்கிற்று. தம் காதலியின் மிட்டாய்ச் சிமிழ்ச் சேகரிப்புக்காகவே அவர் இத்தளத்தை அமைத்தார் என்று பின்னாளிற் பரவிய கதையோ, பத்திரிகைகளின் கவனத்தைக் கவர நிறுவனத்தின் விளம்பர அலுவலர் புனைந்தது. உண்மைக் கதையே அதனினும் சுவையானது.

தொடக்கத்தில் அத்தளத்திற் கட்டணம் இல்லை. 1996ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கூட்டம் பெருகியது. இணைய இணைப்பு வழங்கிய நிறுவனம், மாதம் 30 டொலராக இருந்த கட்டணத்தை 250 டொலராக உயர்த்தியது. வேறு வழியின்றி ஒமிடியாரும் விற்பனை விலையில் ஒரு சிறு பங்கைக் கேட்டார். கட்டாயப்படுத்த அவரிடம் எவ்வகை ஏற்பாடும் இல்லை. ஆயினும் தபாலிற் காசோலைகள் வந்து குவிந்தன. அவ்வுறைகளைத் திறந்து கணக்கெழுதவே முதல் ஊழியரை நியமிக்க வேண்டியதாயிற்று.

காசோலைகளோடு பிணக்குகளும் வந்தன. பொருள் வரவில்லை என்பார் ஒருவர். பணம் வரவில்லை என்பார் மற்றொருவர். முகமறியாத இருவரின் வழக்கை மூன்றாமவர் ஒருவர் தொலைவிலிருந்து எவ்வாறு தீர்ப்பது? 1996 பெப்ரவரியில் ஒமிடியார் அப்பொறுப்பை மக்களிடமே ஒப்படைத்தார். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரைப்பற்றி ஒருவர் யாவரும் காண எழுதலாம். பாராட்டினால் ஒரு புள்ளி கூடும். குறை கூறினால் ஒரு புள்ளி குறையும். ஊரிலே ஒருவருக்கு 'நாணயமானவர்' என்ற பெயர் வருவதற்குப் பல்லாண்டு செல்லும். இங்கே அப்பெயர் எண்களாகத் திரண்டு நின்றது. கணினி நுட்பத்தைக் காட்டிலும் இவ்வேற்பாடே அத்தளத்தின் உயிர்நாடி எனல் மிகையாகாது. 1997இல் ஈபே என்ற பெயரே தளத்தின் பெயராயிற்று. 1998 செப்டெம்பரில் அந்நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன.

விலை ஏறும் முறையும் நோக்கத்தக்கது. இரவும் பகலும் கணினியின் முன் எவராலும் காத்திருக்க இயலாது. ஆகவே, தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒருவர் இரகசியமாகப் பதிந்து வைப்பார். அவர் 50 டொலர் என்று பதிந்து, அடுத்தவரின் உச்சம் 30 டொலராக இருப்பின், தளம் அவருக்காக 31 டொலர் வரை மட்டுமே கேட்கும். மிஞ்சிய 19 டொலர் அவர் கையிலேயே தங்கும். இரண்டாம் விலைக்கு விற்கும் இம்முறையை அமெரிக்க முத்திரை வியாபாரிகள் 1893ஆம் ஆண்டிலேயே தபால்வழி ஏலத்திற் கையாண்டனர். அதன் தத்துவத்தை 1961இல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்கிரி என்னும் பொருளியலறிஞர் 1996இல் நோபெல் பரிசு பெற்றார்.

இதில் ஓர் இடர் உண்டு. 'மூன்றுதரம்' சொல்லும் வாய் இங்கில்லை. கடிகாரமே ஏலத்தை முடிக்கிறது. எனவே கடைசி விநாடிவரை மறைந்திருந்து திடீரெனப் பாய்ந்து கேட்போர் தோன்றினர். 1999இல் ஏலப் பகுதியொன்றைத் தொடங்கிய அமேசன் நிறுவனம், இறுதி 10 நிமிடத்தில் எவரேனும் கேட்டால் நேரம் தானே நீளுமாறு விதி செய்தது. ஏலங் கூறுபவரின் மரபுக்கு நெருங்கியது அதுவே. எனினும் அப்பகுதி நிலைக்கவில்லை. கடிகார விதியைக் கைவிடாத ஈபேயே நிலைத்தது.

கடிகாரத்தை விடக் கொடிய இடர், விற்பவரே வேறு பெயரில் மறைந்து தம் பொருளைத் தாமே கேட்பது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் 25 சதத்தில் தொடங்கிய ஓவியம் ஒன்றின் விலை 1,35,805 டொலருக்கு ஏறியது. புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பென எண்ணி நெதர்லாந்திலிருந்து ஒருவர் அதனைக் கேட்டிருந்தார். விற்றவர் கலிபோணியாவைச் சேர்ந்த வழக்கறிஞர். தம் பொருளைத் தாமே கேட்டமை வெளிப்பட்டதும் ஈபே அவ்விற்பனையை இரத்துச் செய்தது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் பல பெயர்களில் ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றிவந்தனர் என்பது விசாரணையில் தெரியவந்தது. மறு ஆண்டு அவர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

புள்ளி முறையிலும் நாளடைவில் ஒரு நோய் புகுந்தது. குறை எழுதினால் மற்றவர் பழிக்குப் பழி எழுதுவார் என்ற அச்சத்தால், ஏமாந்தவர்களும் வாய்மூடி இருந்தனர். எல்லாரும் நல்லவராகவே தோன்றும் பட்டியலினால் யாருக்குப் பயன்? 2008ஆம் ஆண்டில், வாங்குபவரைக் குறைகூறி விற்பவர் எழுதலாகாது என்று விதி மாற்றப்பட்டது. பணஞ் செலுத்தாது மறையும் வாங்குபவரைப்பற்றி எங்கே முறையிடுவது என்று விற்போர் வெகுண்டனர். அவருட் பலர் அவ்வாண்டு பெப்ரவரியில் ஒரு வாரம் பொருள்களை ஏலத்துக்கு இடாது புறக்கணித்தனர். அவர்கள் கேள்வி நியாயமானதே. எனினும் விதி மாறவில்லை. விற்பவர் இன்றும் வாங்கியவரைப்பற்றி நல்லதை மட்டுமே எழுதலாம்.