சிறிய அறையும் நிறைந்த வெளிச்சமும்

லண்டன் மாநகரின் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில், இங்கிலாந்து பாங்கியின் கட்டடக்கலைஞராக நெடுங்காலம் பணிபுரிந்த சர் ஜான் சோன் தமக்கென நிர்மாணித்துக்கொண்ட இல்லம், இடநெருக்கடியால் வருந்தும் எவரும் ஊன்றி நோக்குதற்குரியது. அங்கே 1824-ஆம் ஆண்டில் அமைந்த சித்திர அறை, சுமார் 14 அடிக்கு 12 அடியே உள்ளதாயினும், சுவர்களையே கீல்களில் திறக்கும் பலகைகளாக்கி, அவற்றின் இருபுறமும் படங்களை மாட்டியமையால், 100-க்கு மேற்பட்ட சித்திரங்களுக்குச் சௌகரியமாக இடந்தருகிறது.

வெளிச்ச விஷயத்தில் அவர் காட்டிய நுட்பமோ, என் அபிப்பிராயத்தில், அதனினும் உயர்ந்தது. காலையுணவு அறையின் குவிந்த விதானத்தை இருபுறச் சுவர்களைத் தொடாமல் நிறுத்தி, அவ்விடைவெளியின் மேலே கூரைச் சாளரங்களை மறைவாக வைத்தார். கண்ணைக் கூசச் செய்யாமல் சுவர்வழியே வழிந்திறங்கும் அவ்வொளியை, விதானத்தில் பதித்த சிறுசிறு குவியாடிகள் வாங்கி அறையெங்கும் பரப்புகின்றன. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை வெள்ளையடித்து, அதில் ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டினால், நம் சிற்றறையிலும் இப்பயனில் ஒரு பகுதியைப் பெறலாம். பகலில் விளக்கேற்றும் அவசியமும் குறையும்.

தம் மறைவுக்குப் பின்னும் வீடு மாறாதிருக்க, 1833-இல் பார்லிமெண்டில் தனிச்சட்டமே நிறைவேறச் செய்தார் சோன். இன்றும் அங்கே கட்டணமின்றிச் சென்று காணலாம்.