மறதிநோயும் ஒப்பந்தக் கூலியும்

தோழர்களே, எங்கள் சேரியில் ஒரு தாய். முப்பது வருசம் தெருக் கூட்டினாள். ஒப்பந்தக் கூலி, பென்சன் கிடையாது. டிமென்ஷியா என்கிறார் டாக்டர். பெற்ற மகள் பேர் மறந்துபோச்சு; விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து விளக்குமாறு தேடுவது மட்டும் மறக்கவில்லை. தெருவில் இறங்கிப் போய்விடுவாள் என்று மகள் வேலையை விட்டுவிட்டுக் காவல் இருக்கிறாள். போன அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

2023-ல் முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாய் ஆக்கினார்கள். பகலுக்கு மட்டும் ஆள் வைத்தாலும் மூணு நாளைக்குக் காணாது. காப்பீட்டு அட்டையோ ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் செல்லும். இந்த நோய்க்கு வருசக்கணக்கில் வீடுதானே ஆஸ்பத்திரி!

2007-ஆம் வருசச் சட்டம் பிள்ளைகளிடம் மாதம் 10,000 வரை வாங்கித் தரும் என்கிறது. சொத்துள்ள வீட்டை நினைத்து எழுதியது. இங்கே பிள்ளைக்கும் ஒப்பந்தக் கூலிதான். காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டவில்லை, நகராட்சி ஏன் என்று கேட்கவில்லை. அவர்களிடம் வாங்கித் தர எந்தத் தீர்ப்பாயம் இருக்கு?