முன்பணம் கொடுக்குமுன் மாடிக்கு ஏறிப் பாருங்கள்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற ஐப்பசி மழையில் நம் மஹல்லாக் குடும்பம் ஒன்று கர்ழன் ஹஸனா கேட்டு அலுவலகத்துக்கு வந்தது. 18 வருட சவூதி சம்பாத்தியத்தோடு மனைவியின் நகையையும் போட்டு வாங்கிய வீடு. ரமளானுக்கு முன்புதான் குடிபோனார்கள். முதல் பெருமழையில் படுக்கையறைத் தளத்தின் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. தொட்டிலில் அப்போது பிள்ளை இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்த அன்று சாட்சியாக உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்தான். பத்திரத்தைப் படித்தோம், துஆ ஓதினோம், டீ குடித்தோம். மாடிப்படி ஏறிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இன்று பேசுகிறோம்.

வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம் பார்க்க வக்கீல் இருக்கிறார். வீட்டைப் பார்ப்பது யார்? தரகர் காட்டுகிற பத்து நிமிடம், அதுவும் மஃரிபுக்குப் பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில்! பகலில் போங்கள். மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போங்கள். மொட்டைமாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு நேர் கீழே உள்ள அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கறையோ, கம்பி போகிற வாக்கில் நீள விரிசலோ இருந்தால் உள்ளே துரு இருக்கிறது. நம்மைப் போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று அதை வேகப்படுத்தும்.

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியை விரல் கணுவால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. உப்புப் பூத்து உதிர்ந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. பூச்சில் மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாணயம் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பழைய ஓட்டு வீடென்றால் உத்தரத்தையும் நிலையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் தின்ற மரம் வெளியே வழவழப்பாகவே இருக்கும்.

ரோட்டின் மேல் ரோடு போட்டு, வாசல் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகள் நம் ஊரில் எத்தனை! மழைத்தண்ணீர் உள்ளே வருமா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போங்கள். ஆண்கள் நாம் ஹாலின் அகலத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்; அடுப்புப் புகை எங்கே போகும், துணி எங்கே காயும் என்பது அவர்கள் கண்ணுக்குத்தான் படும்.

இன்ஜினியரைக் கூட்டிப் போவது வீண் செலவு என்கிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மறுபேச்சில்லாமல் கட்டுகிறோமே!

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து விற்பதும் அதே காரியம்தான். மறைத்த குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹ் நமக்குத் தந்திருக்கிறது. நாட்டுச் சட்டத்திலும், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறைக்குத்தான் அது பொருந்தும். தட்டிப் பார்த்தாலே தெரிகிற குறையை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

அந்தக் குடும்பத்துக்குத் தளத்தைச் சரிசெய்யக் கடன் கொடுத்திருக்கிறோம். விற்றவரையும் கூப்பிட்டுப் பேசினோம். பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். மீதிக்குப் பேச்சு நடக்கிறது.

வீடு பார்த்து வைத்திருப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் அலுவலகத்தில் சொல்லுங்கள். நம் மஹல்லாவைச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவரும் கொத்தனார் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். கட்டணம் இல்லை. ஆட்டோ செலவு மட்டும் உங்களுடையது.