கலையின் பயன்கள்

(நெய்க்காரப்பட்டியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலையினால் ஆவது யாது என்று நம்மவரை வினவினால், பொழுதுபோக்கு என்றே பெரும்பாலும் விடை வரும். அது கலையின் பயன்களுள் ஒன்றென்பதை யாம் மறுக்கவில்லை. பகலெல்லாம் வயலில் உழைத்தவன் இரவில் கூத்துப் பார்த்துச் சிரிப்பது குற்றமன்று. ஆயின் அஃதொன்றே பயன் என்று கொள்வதனால் விளையும் தீங்கினை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் ஊர்ப்புறத்தையே நோக்குவோம். பழநிக்குக் காவடி சுமந்து செல்வோர் பாடும் சிந்து இறைவனைப் போற்றுகிறது. நடைக்குத் தாளமாகிக் களைப்பையும் ஆற்றுகிறது. ஏற்றம் இறைத்த காலத்தில் ஏற்றப்பாட்டு, இறைத்த சால்களுக்குக் கணக்காகவும் நின்றது. தாலாட்டு குழந்தையை உறங்கவைக்கும்போதே மாமன்மாரின் பெருமையையும் சொல்லிவைக்கிறது. ஒப்பாரியோ, வேறெங்கும் வாய்திறந்து சொல்ல இயலாத துயரைப் பெண்கள் சொல்லியழ இடந்தருகிறது. இவற்றைப் பொழுதுபோக்கு என்று தள்ளலாகுமோ?

ஒரே கலை பல பயன் தருவதற்குச் சான்று ‘வள்ளி திருமணம்’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய இந்நாடகம் மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது. முருகனடியார்க்கு அது வழிபாடு, சிறுவர்க்கு வேடிக்கை, நடிகர்க்குப் பிழைப்பு. சிவகாசியில் 1886-ஆம் ஆண்டு பிறந்த விசுவநாத தாஸ் மேடையேறியபோது அதுவே விடுதலைப் போருக்குக் கருவியுமாயிற்று. புராண நாடகங்களினிடையே அவர் பாடிய தேசியப் பாடல்கள், எழுத்தறியாதவர்க்கும் நாட்டின் நிலையை உணர்த்தின. அதன்பொருட்டு அவர் பன்முறை சிறை புகுந்தார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில், மயில்மீதமர்ந்த முருகன் வேடத்துடன் பாடிக்கொண்டிருக்கையிலேயே மேடையில் உயிர் நீத்தார். கலை வெறும் வேடிக்கையாயின், நாடகங்களைத் தடை செய்வதற்கென்றே அன்னிய ஆட்சி 1876-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது எதற்காக?

அப்பெருமகனார் மருத்துவர் குலத்திற் பிறந்தவர் என்ற காரணத்தால் அவருடன் நடிக்க மறுத்தோரும் இருந்தனர். கலையை வேண்டிக் கலைஞனை ஒதுக்கும் இவ்வழக்கம் நம்மிடம் அறவே இல்லையென்று சொல்ல இயலுமா? திருமணத்திற்கு நாதசுரம் வேண்டும். இறுதி ஊர்வலத்திற்குப் பறை வேண்டும். ஆயின் வாசித்தவர்க்கு இலை போடுவது கடைசிப் பந்தியில். நம் வீட்டுப் பிள்ளை அவ்வாத்தியத்தைக் கற்க விரும்பினாலோ, மானம் போயிற்றென்று கலங்குகின்றோம். கலையைப் பொழுதுபோக்கென்று சிறுமைப்படுத்துவதன் பலன் இதுவே. கேளிக்கை தருபவனுக்குக் கூலி போதும், மரியாதை எதற்கு என்று எண்ணிவிடுகின்றோம்.

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகின்றோம். பொறியியலும் மருத்துவமும் பயில்வோர்க்குப் போலவே, இசையும் சிற்பமும் நாடகமும் பயிலும் நம் மாணவ மாணவியர்க்கும் கல்வி நிதியில் பங்கு அளித்தல் வேண்டும். நம் இல்லங்களுக்கு வாசிக்கவோ ஆடவோ வருகின்றவர் எக்குலத்தவராயினும், முதற்பந்தியில் நம்மோடு அமர்த்தி உபசரித்தல் வேண்டும். முன்னதற்குச் சங்கத்தின் தீர்மானம் தேவை. பின்னதற்கு எத்தீர்மானமும் தேவையில்லை. அடுத்து நம் வீட்டில் நடக்கும் திருமணத்திலேயே தொடங்கலாம்.