முதலில் பட்டா, பிறகு பயிற்சி
(மலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் பேய்மழை. மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை வாரிக்கொண்டு போனது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே சேதி தெரிஞ்சது. 70 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கமிருந்து மலையேறிய தலித் குடும்பத்துப் பிள்ளைகள். மறுநாள் கரிப்பூரில் விமானம் நொறுங்கியது. அங்கே செத்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். சாவிலும் நமக்குப் பாதி விலைதானா?

இயற்கைச் சீற்றம்னு சொல்றாங்க. மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. சரிவுக்குக் கீழே லயத்தைக் கட்டியது மழையா?

பருவம் தப்பிப்போச்சு. கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுது, காய்ந்தால் காயுது. உறைபனி விழுந்தால் கொழுந்து கருகுது. கொழுந்து குறைஞ்சா, கூடுதல் கிலோவுக்கு வரும் காசும் போச்சு. இதற்கு அதிகாரிகள் தரும் மருந்து என்ன? தேனீ வளர்ப்பு, காளான் வளர்ப்பு, ஆடு, கோழி. நான் கேலி பண்ணலை. ஆனால் தேன்பெட்டியை எங்கே வைப்பது? ஆட்டை எங்கே கட்டுவது? வாசப்படியும் கம்பெனி மண். பேங்கில் எதைக் காட்டிக் கடன் கேட்பது?

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது. சொந்தமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளினாள். ஓய்வு பெற்றதும், "வீட்டைக் காலி பண்ணு" என்றார்கள். வீடு போகக் கூடாதென்று என் அக்கா படிப்பை விட்டுக் கூடையைத் தூக்கினாள்.

கேரளத்தில் 1970இல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. குத்தகைதாரருக்கு நிலம் கிடைத்தது. தோட்டங்களுக்கோ உச்சவரம்பிலிருந்து விலக்கு! நம்ம பாட்டன் பாட்டி கீழே நிலமில்லாமல்தான் மலையேறினார்கள். மேலேயும் நிலமில்லை. நிலமுடையோன், குத்தகையாள், நிலமற்ற கூலி என்ற பிரிவே கூடாதென்று பாபாசாகேப் 1947இலேயே எழுதினார். நாம் இன்னும் மூன்றாவது ஆளாகவே நிற்கிறோம்.

2015இல் மூணாறுப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டார்கள். சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, 20 சதவீத போனஸை வாங்கிக் காட்டினார்கள். அந்த வலு நம்மிடம் இருக்கு. அடுத்த கோரிக்கை இதுதான்: சரிவில்லாத இடத்தில் வீடும் விளைநிலமும், பெண்கள் பெயரில் பட்டாவும். அதுக்கப்புறம் வாங்க, தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுங்க. கத்துக்கிறோம்.