பப்பாளிப் பால்

ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயில் ஒரு துண்டு நறுக்கிப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். காயைக் கீறியதும் வெள்ளையாகச் சொட்டுகிறதே பால், அதிலுள்ள பப்பாயின் என்ற நொதி புரதத்தைத் துண்டு துண்டாக்குவதால்தான் கறி பஞ்சாக வேகிறது. முகத்தோலின் மேல் ஒட்டியிருக்கும் இறந்த செல்களும் புரதம்தான். அவற்றையும் அது தளர்த்திவிடும். சர்க்கரை, உப்பு போட்டுப் பரபரவென்று தேய்க்க வேண்டியதில்லை.

ஆனால் காய்ப்பாலை நேரே பூசிவிடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும். பழுத்ததில் நொதி குறைவு, அதுதான் முகத்துக்கு நல்லது. மசித்து, முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்தில் 5 நிமிடம், பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வாரம் ஒருமுறை போதும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; அவர்கள் மட்டும் இதைத் தயவுசெய்து முயலவே வேண்டாம்.