எரித்த கொடியும் புதைத்த சாம்பலும்



1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் திகதி. நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில், தமது வீட்டிலிருந்த ஒருவர் வானொலியில் ஒரு செய்தியைக் கேட்கிறார். கறுப்பின மக்களின் உரிமைக்காக மிசிசிப்பி மாநிலத்தினூடே கால்நடையாகச் சென்றுகொண்டிருந்த ஜேம்ஸ் மெரடித் சுடப்பட்டார் என்பது அச்செய்தி. மெரடித் காயங்களுடன் உயிர் தப்பினார். ஆனால், அந்த நேரத்தில் அது தெளிவாகத் தெரியவில்லை.

செய்தியைக் கேட்டவரின் பெயர் சிட்னி ஸ்ட்ரீட். அவரும் கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவர் எழுந்து சென்று இலாச்சியைத் திறக்கிறார். உள்ளே ஒழுங்காக மடித்துவைத்த தேசியக் கொடி இருக்கிறது. தேசிய விழா நாட்களில் வீட்டில் பறக்கவிடும் கொடி அது. அதில் 48 நட்சத்திரங்கள். அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்கள் 1960ஆம் ஆண்டிலேயே 50 ஆகிவிட்டன. ஆகவே அது நெடுநாள் பேணிவைத்த பழைய கொடி. அதனைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் அவர் தீயிட்டார். மெரடித்துக்கு இப்படி நடக்க விடுவார்களானால் நமக்கு இந்தக் கொடி எதற்கு என்று கேட்டார்.

கொடியை எரிப்பவன் நாட்டை வெறுப்பவன் என்று நாம் சட்டெனச் சொல்லிவிடுகிறோம். நாட்டை வெறுப்பவன் அதன் கொடியை ஆண்டுக்கணக்காக மடித்துப் பேணுவானா? அது தந்த வாக்கை நம்பியவன்தான், அந்த வாக்குப் பொய்த்தபோது அதனை எரித்தான். அவருடைய வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1969இல் தண்டனை நீக்கப்பட்டது. ஆயினும், அவர் பேசிய சொற்களுக்காக அவரைத் தண்டித்திருக்கலாகாது என்ற அளவிலேயே தீர்ப்பு நின்றது. கொடியை எரிப்பது குற்றமா என்ற கேள்விக்கு அப்போது விடை கிடைக்கவில்லை.

அந்த விடைக்கு மேலும் 20 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1984இல் டெக்சஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் குடியரசுக் கட்சியின் மாநாடு நடந்தபோது, ஜனாதிபதி ரீகனின் கொள்கைகளை எதிர்த்து ஓர் ஊர்வலம் சென்றது. நகர மண்டபத்தின் முன்னால் கிரகரி லீ ஜோன்சன் என்ற இளைஞர் கொடியொன்றை எரித்தார். அவருக்கு ஓராண்டுச் சிறையும் 2,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 48இல் கொடி அவமதிப்புக்கு எதிரான சட்டம் இருந்தது.

1989 ஜூன் 21ஆம் திகதி உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஜோன்சனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரு கருத்து சமூகத்துக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக அரசு அதனைத் தடைசெய்ய இயலாது என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிரெனன். அவருடன் உடன்பட்ட நீதியரசர் கெனடி, தமக்கு விருப்பமில்லாத முடிவையும் சட்டத்தின் பொருட்டு எடுக்கவேண்டியிருக்கிறது என வருந்தி எழுதினார்.

இனி, இலக்கிய நேயர்களாகிய நமக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் ரெங்குவிஸ்ட், சட்ட நூல்களோடு கவிதைகளையும் துணைக்கு அழைத்தார். எமர்சனின் கவிதை வருகிறது. பின்னாளில் தேசிய கீதமான, 1814இல் பிரான்சிஸ் ஸ்கொட் கீ எழுதிய பாடல் வருகிறது. விட்டியரின் 'பார்பரா ஃபிரீச்சி' நீளமாகவே எடுத்தாளப்படுகிறது. கொடி வெறும் கருத்தன்று, உயிரோடு கலந்த உணர்வு என்பதை நிறுவக் கவிதையை விடச் சிறந்த சாட்சி இல்லை என அவர் எண்ணியிருக்கவேண்டும். கவிதையை நேசிப்பவர்களுக்கு இது மகிழ்ச்சிதான். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறிய கவிதை, அழைத்தவருக்குச் சார்பாகவே பேசும் என்பது நிச்சயமில்லை.

விட்டியரின் கவிதை 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே வெளியானது. பிரிவினைப் படை ஓர் ஊருக்குள் நுழைகிறது. ஊரார் ஏற்றிய கொடிகள் எல்லாம் இறங்கிவிட்டன. தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி மட்டும் தன் வீட்டு மாடியில் கொடியை ஏற்றுகிறாள். படை அதனைச் சுடுகிறது. சரிந்த கொடியைத் தாங்கிப் பிடித்து அவள் படையை நோக்கிக் குரல் கொடுக்கிறாள். தளபதி ஜாக்சன் நாணித் தலைகுனிந்து, அவளுக்குத் தீங்கு செய்பவன் உயிர் தப்பமாட்டான் என்று கட்டளையிட்டுச் செல்கிறான். இச்சம்பவம் உண்மையில் நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமுண்டு.

இக்கவிதையில் கொடி போற்றப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும், நம் நெஞ்சைத் தொடுவது எது? ஆயுதம் தாங்கிய பெருங்கூட்டத்தின் முன்னால் தனியொருத்தி தன் கருத்தைக் கையில் ஏந்தி நின்றாள். வலிமை உடையவன் அவளை விட்டுவிட்டான். டலஸ் தெருவில் நின்ற இளைஞனையும் அந்தக் கிழவியையும் ஒப்பிட்டால் பலருக்குக் கோபம் வரும். ஆனால், பெரும்பான்மைக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னவரைத் தண்டியாது விடுவதே பெருந்தன்மை என்று அக்கவிதை சொல்வதாக நான் வாசிக்கிறேன்.

சின்னத்தை அழிப்பது நம் பழந்தமிழ் இலக்கியத்துக்கும் புதிதன்று. சங்க கால மன்னர்களுக்குக் காவல்மரம் உண்டு. பதிற்றுப்பத்து பாடும் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி அதிலே முரசு செய்தான். மரம் வேண்டியதால் அவன் வெட்டவில்லை. அம்மரத்தில் பகைவரின் மானம் இருந்தது. அங்கே வெட்டியவன் வெளியிலிருந்து வந்த பகைவன். சிட்னி ஸ்ட்ரீட்டோ தன் வீட்டு முற்றத்து மரத்தைத் தானே வெட்டியவர். முன்னதில் வெற்றி இருக்கிறது. பின்னதில் துயரம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழுதடைந்த தேசியக் கொடியை எப்படி அகற்றுவது என்பதற்கு அமெரிக்கக் கொடி விதிக்கோவை கூறும் வழி, கண்ணியமான முறையில், முடிந்தால் எரித்து, அகற்றவேண்டும் என்பதே. முன்னாள் படைவீரர்கள் ஜூன் 14ஆம் திகதிக் கொடி நாளில் மரியாதையோடு கொடிகளை எரிக்கிறார்கள். அதே துணி, அதே தீ. ஒன்று வணக்கம், மற்றது குற்றம். அப்படியானால் சட்டம் தண்டிக்க விரும்பியது தீயையன்று. எரிப்பவனின் மனத்தில் இருந்த பொருளையே.

1943இல், அதே கொடி நாளில், கொடிக்கு வணக்கம் செலுத்துமாறு பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒரு சின்னத்திலிருந்து மனிதன் பெறும் பொருள், அவன் அதில் இட்ட பொருளே என்ற கருத்தை நீதியரசர் ஜாக்சன் அதில் எழுதினார். சொல்லுக்கும் சின்னத்துக்கும் இது பொது.

இதனால் கொடியை எரிப்பது நல்ல செயல் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். மகனின் சவப்பெட்டியைப் போர்த்திய கொடியை நெஞ்சோடு அணைத்திருக்கும் தாய்க்கு, தெருவில் எரியும் கொடி அவளுடைய பிள்ளையையே மீண்டும் எரிப்பதாகும். அந்த வலி பொய்யன்று. போரில் கடற்படையில் பணியாற்றிய நீதியரசர் ஸ்டீவன்ஸும் எரிப்புக்கு எதிராகவே எழுதினார்.

அந்த வலியே விவாதத்தை ஓயவிடாமல் வைத்திருக்கிறது. 1989இல் காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றியது. 1990இல் நீதிமன்றம் அதனையும் நீக்கியது. 2006இல் அரசியலமைப்பையே திருத்தும் முயற்சி, 66க்கு 34 என, செனட் சபையில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. 2025 ஆகஸ்ட்டில் ஜனாதிபதி ட்ரம்ப், கொடி எரிப்போர் வேறு சட்டங்களை மீறியிருந்தால் அவற்றின் கீழ் வழக்குத் தொடருமாறு ஆணையொன்றில் கையொப்பமிட்டார்.

முடிவாக, டலஸ் நகருக்கே திரும்புவோம். ஊர்வலத்தினர் கலைந்து சென்ற பின்னர், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எரிந்த கொடியின் எச்சங்களைப் பொறுக்கி எடுத்தார். தமது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்தார். அவர் எவரையும் அடிக்கவில்லை. அவரை அப்படிச் செய்யுமாறு எந்தச் சட்டமும் கேட்கவில்லை. எரிந்த கொடிக்குத் தகுந்த மறுமொழிகளில் ஒன்றாகப் பிரெனன் தம் தீர்ப்பில் சுட்டியதும் இச்செயலையே.

புரூக்ளினில் ஒருவர் கொடியை மடித்துப் பேணி, மனம் உடைந்து எரித்தார். டலஸில் ஒருவர் மற்றவர் எரித்ததைச் சேர்த்துப் புதைத்தார். இருவரும் அந்தத் துணியில் தம் நெஞ்சில் உள்ளதைப் பொருளாக இட்டவர்கள். சட்டம் கட்டளையிட்டு வாங்கும் வணக்கத்தில் அந்தப் பொருள் இருக்காது. அங்கே கம்பமும் கயிறும் துணியும் மட்டுமே மிஞ்சும்.